செல்லாத பதிவுகளின் கோப்பகம்

புரதத் தரவு வங்கியின் சேமிப்பகத்தில் அதிகம் பேர் எட்டிப் பார்க்காத ஒரு கோப்பகம் இருக்கிறது. அதற்குள் இருப்பவை எல்லாம் ஒரு காலத்தில் முறையாக வெளியிடப்பட்டு, கட்டுரைகளில் மேற்கோள் காட்டப்பட்டு, பிறகு செல்லாதவை என்று அறிவிக்கப்பட்ட பதிவுகள். பூட்டு இல்லை, கடவுச்சொல் இல்லை. யார் வேண்டுமானாலும் இறக்கிப் பார்க்கலாம். பார்க்கும் முன் ஓர் அறிவிப்பு மட்டும் கண்ணில் படும்: இந்தப் பதிவு இன்ன தேதியில் விலக்கப்பட்டது, இதற்குப் பதிலாக இதைப் பாருங்கள்.

அங்கே 1எச்எச்பி என்றொரு பதிவு உண்டு. மனித ஹீமோகுளோபினின் வடிவம். 1984 ஜூலையில் அது விலக்கப்பட்டது. அதில் மோசடி ஏதும் இல்லை. அதைவிடத் துல்லியமான அளவீடுகள் வந்துவிட்டன, அவ்வளவுதான். மாக்ஸ் பெரூட்ஸும் சக ஆய்வாளர்களும் செய்த 4எச்எச்பி என்ற பதிவு அந்த இடத்துக்கு வந்தது. கல்லூரிப் பாடங்களில் ஹீமோகுளோபின் படம் என்று காட்டப்படுவது பெரும்பாலும் இன்றும் அதுதான். செல்லாத கோப்பகத்தில் இருக்கும் பதிவுகளில் பலவும் இந்த வகை: சொந்த வேலையையே மேம்படுத்திப் பழையதை ஓரம் கட்டியவர்களுடையவை. ஆனால் வேறு கதைகளும் அங்கே உண்டு. இந்த அத்தியாயம் முக்கியமாக அவற்றைப் பற்றியது.

அறிவியல் களஞ்சியம் ஒன்றின் பெருமையைச் சொல்ல வருகிறவர்கள் அதில் எத்தனை லட்சம் பதிவுகள் இருக்கின்றன என்றுதான் தொடங்குவார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையில் அவ்வளவு ஆர்வம் இல்லை. ஒரு பதிவு தவறு என்று தெரிந்த மறுநாள் அங்கே என்ன நடக்கிறது என்பதைத்தான் பார்ப்பேன். சேர்ப்பதற்கு இடம் இருந்தால் போதும். விலக்குவதற்கு விதி வேண்டும், நினைவு வேண்டும், கொஞ்சம் துணிச்சலும் வேண்டும்.

முதலில் ஒரு பதிவு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம்.

புரதத் தரவு வங்கி 1971இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் வால்டர் ஹாமில்டனின் பொறுப்பில் தொடங்கியபோது அதில் இருந்தவை 7 புரத வடிவங்கள். அந்தக் காலத்தில் தரவு காந்த நாடாவில், தபாலில் போய் வந்தது. 2023 ஜனவரியில் எண்ணிக்கை 2 லட்சத்தைத் தாண்டியது. இப்போது அமெரிக்கா, இங்கிலாந்தின் ஹின்க்ஸ்டன், ஜப்பானின் ஒசாகா ஆகிய இடங்களில் உள்ள மையங்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சென்னையிலோ பெங்களூரிலோ ஓர் ஆய்வாளர் தன் புரதத்தின் அணு ஆயங்களைப் பதிவேற்றினால் அது ஒசாகாவில் உள்ள பதிப்பாளர்களின் மேசைக்குப் போகும்.

அவர்கள் அதை அப்படியே வாங்கி அடுக்கிவிடுவதில்லை. பிணைப்பு நீளங்கள் நம்பத்தக்கவையா, இரண்டு அணுக்கள் ஒன்றின்மீது ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கின்றனவா, அளந்த தரவோடு மாதிரி எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒரு சரிபார்ப்பு அறிக்கை தயாராகும். அதில் கட்டாயம் இடம்பெறும் ஒரு சோதனை சென்னையில் பிறந்தது. 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதச் சங்கிலியின் முதுகெலும்பில் உள்ள இரண்டு சுழற்சிக் கோணங்களை எடுத்துக்கொண்டு, அணுக்கள் இடித்துக்கொள்ளாமல் எந்தெந்தக் கோணச் சேர்க்கைகள் சாத்தியம் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுவதும் அழைக்கப்படுவது அதுதான். புதிதாக வரும் புரதத்தில் எத்தனை சதவீத அமினோ அமிலங்கள் அந்த வரைபடத்தின் அனுமதிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே நிற்கின்றன என்பது அறிக்கையில் அச்சாகும். வெளியே நிற்பது எல்லாம் பிழை என்று பொருளில்லை. ஆனால் நிறைய நின்றால், படிக்கிறவர் புருவத்தை உயர்த்துவார்.

சரிபார்ப்பு நடக்கும்போதே பதிவுக்கு ஓர் அடையாளக் குறி கொடுத்துவிடுவார்கள். நான்கு எழுத்துகள், முதலாவது 1 முதல் 9 வரை ஓர் இலக்கம். தரவு வெளியாகும் முன்பே குறி ஏன் என்றால், ஆய்வாளர் எழுதும் கட்டுரையில் அந்தக் குறி அச்சாக வேண்டும். கட்டுரை வரும்வரை பதிவை நிறுத்திவைக்கச் சொல்லலாம்; ஆனால் ஓராண்டுக்கு மேல் முடியாது. அதற்குள் வெளியிட வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டுரை வந்த பிறகு, வாரம் ஒரு முறை, உலக நேரப்படி புதன்கிழமை பிறக்கும் நள்ளிரவில், அதாவது நமக்குக் காலை 5.30 மணிக்கு, அந்த வாரத்துப் பதிவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொதுவுக்கு வருகின்றன.

அந்தப் புதன்கிழமைதான் எல்லைக்கோடு. அதற்கு முன் மனம் மாறினால் சத்தமில்லாமல் விலகிக்கொள்ளலாம். அதற்குப் பின் சத்தமில்லாமல் எதுவும் செய்ய முடியாது. விலக்கினால் விலக்கிய தேதி பதிவாகும், கோப்பு செல்லாத கோப்பகத்துக்குப் போகும், அந்தக் குறி வேறு எந்தப் புரதத்துக்கும் மறுபடி கிடைக்காது. நான்கு எழுத்துகளில் கிடைக்கக்கூடிய குறிகள் மொத்தம் 4,19,904. தீர்ந்துபோகும் நாள் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் 12 எழுத்துகள் கொண்ட நீண்ட குறிகளுக்கு மாறும் ஏற்பாடு நடக்கிறது. உலகம் முழுவதும் உள்ள மென்பொருள்களைத் திருத்தவேண்டிய பெரிய வேலை அது. அப்படியும் விலக்கப்பட்ட பழைய குறிகளை எடுத்துப் புதியவற்றுக்குச் சூட்டலாம் என்ற யோசனைக்கு அங்கே இடமில்லை. நம் ஊர்ப் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒரு கிரயத்தை ரத்து செய்தால் பழைய பத்திரம் பதிவேட்டிலிருந்து கிழிக்கப்படுவதில்லை. ரத்துப் பத்திரமும் இன்னொரு பதிவாக ஏறி, வில்லங்கச் சான்றில் இரண்டும் அடுத்தடுத்து வரும். இங்கேயும் அதே தர்மம்தான்.

இந்த விதி உண்மையிலேயே சோதிக்கப்பட்டது 2006 டிசம்பரில்.

கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஜெஃப்ரி சாங் என்ற படிகவியலாளர் அப்போது துறையின் இளம் நட்சத்திரம். செல்சவ்வில் உட்கார்ந்துகொண்டு மருந்துகளை வெளியே தள்ளும் புரதங்களைப் படிகமாக்குவது மிகக் கடினம். 2001இல் அவரது குழு எம்எஸ்பிஏ என்ற பாக்டீரியப் புரதத்தின் வடிவத்தை 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. களஞ்சியத்தில் அதன் குறி 1ஜேஎஸ்க்யூ. அதே குடும்பத்துப் புரதங்களின் வடிவங்கள் தொடர்ந்து வந்தன. புற்றுநோய் மருந்துகளும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் வேலை செய்யாமல் போவதற்கு இத்தகைய புரதங்கள் ஒரு காரணம் என்பதால் அந்தக் கட்டுரை நூற்றுக்கணக்கான முறை மேற்கோள் காட்டப்பட்டது. உயிர்வேதியியல் முறையில் ஆராய்ந்தவர்களுக்குத் தங்கள் சோதனை முடிவுகள் அந்த வடிவத்தோடு பொருந்தாமல் இருந்தன. பொருந்தாதபோது யாரை நம்புவார்கள்? படிகத்தில் பார்த்தவரைத்தான். சோதனைக்காரர்கள் தங்களையே சந்தேகப்பட்டார்கள்.

2006 செப்டம்பரில் சூரிச்சிலிருந்து ரோஜர் டாசனும் காஸ்பர் லோக்கரும் எம்எஸ்பிஏவின் நெருங்கிய உறவான சாவ்1866 என்ற புரதத்தின் வடிவத்தை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவுக்காரர்கள் என்று சொல்லவே முடியாது. சாங் தன் கணக்குகளைத் தோண்டத் தொடங்கினார். கோளாறு கிடைத்தது ஒரு சிறு நிரலில். எக்ஸ்-கதிர் படிகத்தில் பட்டுச் சிதறும்போது உண்டாகும் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் இணை உண்டு. இணைகளின் பிரகாசத்தில் கடுகளவு வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டை வைத்துத்தான் புரதம் இடக்கை வடிவமா வலக்கை வடிவமா என்று தீர்மானிக்கிறார்கள். அந்த நிரல் இணைகளின் இரண்டு நெடுவரிசைகளையும் இடம் மாற்றிவிட்டது. கிடைத்த உருவம் உண்மையின் கண்ணாடிப் பிம்பம். எம்எஸ்பிஏ தரவின் பகுதிறன் 4.5 ஆங்ஸ்ட்ரம்தான், மங்கல். இன்னும் தெளிவாக இருந்திருந்தால் சுருள்கள் எதிர்த்திசையில் சுற்றுவது கண்ணில் பட்டிருக்கும்.

2006 டிசம்பர் 22 இதழில் மூன்று 'சயின்ஸ்' கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். வேறு இதழ்களில் வந்த இரண்டையும் சேர்த்து மொத்தம் ஐந்து. நிரலில் என்ன நடந்தது என்பதை மறைக்காமல் எழுதினார்கள். களஞ்சியத்தில் 1ஜேஎஸ்க்யூவும் அதன் சகோதரப் பதிவுகளும் செல்லாத கோப்பகத்துக்குப் போயின. அடுத்த ஆண்டே அதே மூலத்தரவிலிருந்து, நெடுவரிசைகளைச் சரியாக வைத்து, திருத்திய வடிவங்களைப் புதிய குறிகளில் பதிவுசெய்தார்கள்.

கட்டுரையைத் திரும்பப் பெற்றவுடன் விஷயம் முடிந்துவிட்டதாகத்தான் செய்திகள் எழுதின. என் பார்வையில் அடுத்துக் களஞ்சியம் செய்ததுதான் பெரிய காரியம். தவறான வடிவம் இன்னும் அங்கே கிடைப்பதால், 2003இல் அதை நம்பி ஒருவர் எழுதிய கட்டுரையை இன்று படிக்கிறவர் அவர் கண்ணால் கண்டது என்ன என்று திறந்து பார்க்க முடிகிறது. அவர் முடிவில் எந்தப் பகுதி கண்ணாடிப் பிம்பத்தின்மேல் நின்றது, எது தனியாகவும் நிற்கும் என்று பிரித்தறிய முடிகிறது. கோப்பை அழித்திருந்தால் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் இல்லாத ஒன்றைச் சுட்டிக்கொண்டு நின்றிருக்கும்.

சாங் விஷயம் நேர்மையான பிழை. ஆசிரியரே முன்வந்து விலக்கினார். ஆசிரியர் முன்வராவிட்டால்?

2006 நவம்பர் 9 'நேச்சர்' இதழில் சி3பி என்ற இரத்தப் புரதத்தின் வடிவத்தைப் பற்றி மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. நோய்த்தடுப்பில் முக்கியமான புரதம் அது. நெதர்லாந்தின் யூட்ரெக்டிலிருந்து ஒன்று, ஜெனன்டெக் நிறுவனத்திலிருந்து ஒன்று, அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் உள்ள அலபாமா பல்கலைக்கழகத்திலிருந்து ஒன்று. முதல் இரண்டும் ஒத்துப்போயின. மூன்றாவது மட்டும் தனியாக நின்றது. சூரிச்சுக்கும் ஸ்கிரிப்ஸுக்கும் இடையே இருந்த வேறுபாடு போன்றதுதானே இதுவும் என்று தோன்றலாம். ஆனால் இந்த முறை ஒரு வசதி இருந்தது. அலபாமா குழு வடிவத்தோடு சேர்த்து, அளந்ததாகச் சொன்ன சிதறல் தரவையும் களஞ்சியத்தில் வைத்திருந்தது.

யூட்ரெக்டின் பீட் க்ரோஸும் பெர்ட் ஜான்சனும், படிகவியல் கணக்குகளில் பெயர்பெற்ற ராண்டி ரீட், ஆக்சல் புருங்கர் இருவரையும் சேர்த்துக்கொண்டு அந்தத் தரவை ஆராய்ந்தார்கள். புரதப் படிகத்தில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். மூலக்கூறுகளுக்கு இடையே ஒழுங்கில்லாமல் நிரம்பியிருக்கும் அந்தத் தண்ணீர் சிதறல் தரவில் ஒரு தடத்தைப் பதித்தே தீரும். இந்தத் தரவில் அந்தத் தடம் இல்லை. இன்னொரு விந்தை: படிகத்தில் மூலக்கூறுகள் அடுக்கடுக்காக இருந்தன, ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே தொடர்பே இல்லை. ஒன்றையொன்று தொடாத அடுக்குகள் எப்படிப் படிகமாக நிற்கும்? 2007இல் 'நேச்சர்' இதழில் அவர்கள் இதை எழுதினார்கள். அலபாமா குழு மறுத்துப் பதில் எழுதியது.

பல்கலைக்கழகம் விசாரித்தது. 2009 டிசம்பரில், ஒரே ஆய்வாளரோடு தொடர்புடைய 11 வடிவங்கள் நம்பத்தக்கவை அல்ல என்று அறிவித்தது. அவற்றில் சி3பி ஒன்று. 'நேச்சர்' அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது 2016இல். அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் தரவு புனையப்பட்டது என்று முடிவுசெய்து அந்த ஆய்வாளருக்குப் பத்தாண்டு தடை விதித்தது 2018இல். முதல் சந்தேகம் அச்சில் வந்து பதினோரு ஆண்டு ஆகியிருந்தது.

களஞ்சியம் ஏன் 2007லேயே அதைத் தூக்கி எறியவில்லை என்று கேட்பது இயல்பு. களஞ்சியத்தின் பதிப்பாளர்கள் நீதிபதிகள் இல்லை. அவர்களிடம் ஆய்வகக் குறிப்பேடுகள் இல்லை, விசாரணை அதிகாரம் இல்லை. பதிவை விலக்கச் சொல்லும் உரிமை அதைச் சேர்த்தவருக்கு. அவர் செய்யாதபோது, கட்டுரையை இதழ் திரும்பப் பெற்றால் அதன் அடிப்படையில் பதிவும் விலகும். இந்தத் தாமதம் எரிச்சலூட்டுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் சந்தேகம் வந்தவுடன் விலக்கும் அதிகாரத்தைக் களஞ்சியத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். 2006இல் சூரிச் முடிவு வந்தபோது, சரியான சோதனை முடிவுகளை வைத்திருந்தவர்கள் சிறுபான்மையாக இருந்தார்கள். பெரும்பான்மைக்குப் பிடிக்காத பதிவுகளை விலக்கும் களஞ்சியம் அவர்களுடையதைத்தான் முதலில் விலக்கியிருக்கும்.

இதிலிருந்து கிடைத்த நடைமுறைப் பாடம் வேறு. மூலத்தரவு இல்லாமல் வடிவம் மட்டும் இருந்திருந்தால் அலபாமா பதிவு "வேறுபட்ட முடிவு" என்ற பெயரில் இன்றும் நிம்மதியாக இருந்திருக்கும். 2008 பிப்ரவரி 1 முதல் எக்ஸ்-கதிர் வடிவங்களோடு சிதறல் தரவையும் சேர்த்தே ஆகவேண்டும் என்று வங்கி விதி வகுத்தது. பதிவை ஏற்கும்போதே அதை உடைக்கத் தேவையான கருவியையும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளும் விதி அது.

இப்போது நேர் எதிரான ஒரு வழக்கத்துக்கு வருவோம். மரபணு வரிசைகளைச் சேமிக்கும் உலகக் கூட்டமைப்பில் அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் ஆகிய மூன்றும் தினமும் தரவைப் பரிமாறிக்கொள்கின்றன. அங்கே ஒரு பதிவை இரண்டு விதமாக விலக்கலாம். ஒன்று, தேடலில் வராது. ஆனால் எண்ணைத் தெரிந்து கேட்டால் கிடைக்கும். இன்னொன்று, எண்ணைச் சொன்னாலும் கிடைக்காது. எது வேண்டும் என்பதில் தரவைச் சேர்த்தவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

2020 மார்ச்சில் வூஹான் ஆய்வாளர்கள் கொரோனா நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து எடுத்த வரிசைத் தரவை அமெரிக்கக் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். ஜூன் மாதம் அதை நீக்கும்படி கேட்டார்கள். நீக்கப்பட்டது. உலகமே அந்த வைரஸின் தொடக்க நாட்களைத் தேடிக்கொண்டிருந்த ஆண்டு அது. ஆனாலும் ஒரு வருடம் யாரும் கவனிக்கவில்லை. 2021இல் சியாட்டிலின் ஃபிரெட் ஹட்சின்சன் மையத்தில் ஜெஸ்ஸி புளூம், 2020 மார்ச் வரை பொதுவில் இருந்த கொரோனா தரவுகளை ஒரு பழைய கட்டுரை பட்டியலிட்டிருப்பதைப் பார்த்தார். அதில் வூஹானிலிருந்து 241 வரிசைப் பதிவுகள் கொண்ட ஒரு திட்டம் இருந்தது. களஞ்சியத்தில் தேடினால் இல்லை. தேடல் பக்கத்தில் இல்லாதது கூகுள் மேகக் கணினியில் பிரதியாகக் கிடந்தது. அதன் முகவரியை ஊகித்துக் கோப்புகளை எடுத்து, 13 பகுதி வரிசைகளை மீட்டார்.

வைரஸ் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு அந்த 13 வரிசைகள் விடை சொல்லவில்லை. அந்த மாதிரிகளில் இருந்த மாற்றங்கள் 2020 ஜூனில் வெளியான அவர்களுடைய கட்டுரையிலேயே அட்டவணையாக இருந்தன. தரவு எங்கே கிடைக்கும் என்ற வாக்கியத்தை இதழ் நீக்கிவிட்டதால், களஞ்சியத்தில் வைத்திருக்கத் தேவையில்லை என்று ஆய்வாளர்கள் நினைத்ததாகச் சீன அதிகாரிகள் 2021 ஜூலையில் விளக்கினார்கள். அமெரிக்கத் தரப்பு, சேர்த்தவர் கேட்டால் நீக்குவது எங்கள் விதி என்றது. இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்றுக்கொண்டாலும், ஓர் ஓட்டை மூடப்படாமல் நிற்கிறது. நீக்கிய இடத்தில், இங்கே ஒன்று இருந்தது, இன்னார் கேட்டு, இந்தக் காரணத்துக்காக, இந்த நாளில் எடுக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்திருந்தால் 2021இல் எழுந்த சந்தேகப் புகையில் பாதி எழுந்திருக்காது. காரணம் எழுதாத வெற்றிடத்தில் அவரவர் விரும்பிய கதையை எழுதிக்கொண்டார்கள்.

அப்படியானால் எதையும் எப்போதும் அழிக்கக்கூடாதா? அழிக்க வேண்டிய தருணங்களும் உண்டு. 2013 மார்ச்சில் ஹைடல்பர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூற்று உயிரியல் ஆய்வகம் ஹீலா செல்களின் முழு மரபணு வரிசையைப் பொதுவில் வெளியிட்டது. அந்தச் செல்கள் 1951இல் பால்டிமோரில் இறந்த ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவருக்குச் சொல்லாமல் எடுக்கப்பட்டவை. அவருடைய பேரப்பிள்ளைகளின் மரபணுவைப் பற்றியும் அந்த வரிசை பேசும். குடும்பத்தினர் ஆட்சேபித்தார்கள், ஆய்வகம் தரவை எடுத்துவிட்டது. ஆகஸ்டில் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் குடும்பத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன: தரவு இருக்கும், ஆனால் விண்ணப்பித்து அனுமதி பெறுகிறவர்களுக்கு மட்டும், விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தவரும் இருப்பார்கள். இங்கே தரவில் பிழை இல்லை. வெளியிட்டதுதான் பிழை.

பிழையான தரவை எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்க வேண்டும், சரியான தரவைச் சில நேரம் மறைக்க வேண்டும் என்று முடிவு வந்துவிடுகிறது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க ஒரு வழி கண்டிருக்கிறார்கள். தரவு வேறு, தரவைப் பற்றிய குறிப்பு வேறு என்று பிரித்துவிடுவது. 2016இல் தரவு மேலாண்மைக்காக வகுக்கப்பட்ட ஃபேர் கோட்பாடுகளில் ஒன்று இதைத்தான் கேட்கிறது: தரவே இல்லாமல் போனாலும் அதைப் பற்றிய குறிப்பு கிடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம் 2013இல் தொடங்கிய செனோடோ களஞ்சியத்தில் இது நடைமுறையில் இருக்கிறது. எந்தத் துறை ஆய்வாளரும் அங்கே தரவை இலவசமாக வைக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் டிஓஐ என்ற நிரந்தர எண் கிடைக்கும். பதிவை விலக்கினால் அந்த எண்ணும் முகவரியும் அப்படியே இருக்கும். தரவு இருந்த இடத்தில் ஒரு நினைவுப் பக்கம் வந்து விலக்கியதற்கான காரணத்தைச் சொல்லும். டிஓஐ எண்களைத் தரவுகளுக்கு வழங்கும் டேட்டாசைட் அமைப்பின் விதி இன்னும் கறார். எண் வரைவு நிலையில் இருக்கும்வரை அழிக்கலாம். ஒருமுறை பதிவாகிவிட்டால் தேடலிலிருந்து மறைக்கலாமே தவிர, அழிக்க வழியே கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் களஞ்சியங்கள். தரவு உலகெங்கும் பிரதியெடுக்கப்பட்டிருந்தால் சிக்கல் வேறு வடிவம் எடுக்கிறது. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் ஆறாவது மதிப்பீட்டு அறிக்கைக்கு அடித்தளமான சிமிப்6 திட்டத்தில், புனேயின் இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உட்படப் பல நாட்டு மையங்கள் தங்கள் காலநிலை மாதிரிகளை ஓட்டிக் கிடைத்த பல பெட்டாபைட் தரவை ஒரு கூட்டமைப்பின் வழியாக வெளியிட்டன. ஒரு மையம் தன் கணினியில் வெளியிடும். ஹாம்பர்க், பாரிஸ், கான்பெரா, கலிபோர்னியா போன்ற இடங்களில் உள்ள பெரிய மையங்கள் பிரதி எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு தரவுத்தொகுப்பின் பெயரிலும் மாதிரி, சோதனை, மாறி எல்லாம் இருக்கும். கடைசியில் பதிப்பு எண்ணாக ஒரு தேதி.

வெப்பப் பாய்வின் கூட்டல் கழித்தல் குறி மாறிவிட்டது, அலகு தவறு, மாதிரிக்குக் கொடுத்த எரிமலைத் தூசுத் தரவு வேறு என்று பிழைகள் தெரியவரும்போது வெளியிட்ட மையம் அந்தப் பதிப்பைத் திரும்பப் பெறுகிறது. கோப்புகள் போய்விடும், அட்டவணையில் பதிவு மட்டும், திரும்பப் பெறப்பட்டது என்ற குறியோடு இருக்கும். ஆனால் மூல மையம் விலக்கியதால் ஹாம்பர்க்கில் உள்ள பிரதி தானாக விலகாது. ஒவ்வொரு பிரதி மையமும் தனித்தனியே அதைச் செய்ய வேண்டும். செய்யும்வரை தேடுகிறவருக்கு ஓர் ஊரில் செல்லாதது இன்னோர் ஊரில் செல்லுபடியாகத் தெரியும்.

ஆய்வாளர்களின் சொந்தக் கணினிகளில் கிடக்கும் பிரதிகளை எந்த மையமும் எட்ட முடியாது. அதற்காக ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் ஒரு தடம்காண் எண்ணைப் பொறித்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்கு முன் இறக்கிய கோப்பிலிருந்து அந்த எண்ணை எடுத்துப் பிழைப்பட்டியல் சேவையில் கொடுத்தால், அந்தப் பதிப்பு இன்னும் செல்லுமா, செல்லாதென்றால் என்ன கோளாறு, புதிய பதிப்பு எது என்று சொல்லும். கேட்டால் சொல்லும், தானாக வந்து சொல்லாது. இறக்கிய கோப்புகளை மறுபடி இப்படிச் சரிபார்க்கும் பழக்கம் எத்தனை ஆய்வகங்களில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கொஞ்சம் கவலைதான்.

இப்போது புதிதாக ஒரு வகைப் பிரதி வந்திருக்கிறது. புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு 2 என்ற செயற்கை நுண்ணறிவு மாதிரி புரதத் தரவு வங்கியைப் படித்துத்தான் பயிற்சி பெற்றது. கோப்பாக இருந்தால் விலக்கலாம், குறிப்பு எழுதலாம். லட்சக்கணக்கான பதிவுகளோடு கலந்து ஒரு மாதிரியின் உள்ளெண்களாகக் கரைந்துவிட்ட பதிவைத் தனியாகப் பிரித்து எடுக்க இன்றுவரை எளிய வழி இல்லை. மறுபடி முதலிலிருந்து பயிற்சி கொடுப்பதுதான் நம்பகமான வழி. அது செலவு பிடித்த வேலை. ஆல்ஃபாஃபோல்டு குழு தன் கட்டுரையில் 2018 ஏப்ரல் 30க்கு முன் வெளியான வடிவங்களையே பயன்படுத்தியதாக எழுதியிருக்கிறது. வங்கி ஒவ்வோர் ஆண்டும் தன் முழுக் களஞ்சியத்தையும் தேதியிட்டு ஒரு பிரதியாகப் பாதுகாத்து வைப்பதால், அந்தத் தேதியில் எந்தெந்தப் பதிவுகள் செல்லுபடியாக இருந்தன, அவற்றில் எவை பின்னால் விலக்கப்பட்டன என்று யார் வேண்டுமானாலும் பட்டியல் எடுக்கலாம். பயிற்சித் தரவின் தேதியையும் எண்களையும் வெளியே சொல்லாத மாதிரிகளில் அந்தப் பட்டியலை எதோடு ஒப்பிடுவது என்பதுதான் களஞ்சியக்காரர்கள் இனி எதிர்கொள்ளவேண்டிய கேள்வி.